வடிவாய்ப் பாருங்கோ: வீட்டுச் சாமான்களில் கலை காண ஒரு முழு வழிகாட்டி

அம்மம்மாவின் மூக்குப்பேணியை, அதுதான் மூக்கு வைத்த தண்ணீர்ப் பேணியை, நிறைக்கு விற்றவள் நான். பத்து வருடத்துக்கு முந்திய கதை. பழைய பித்தளை, இரும்பு வாங்குகிறவர் ஒழுங்கையால் கூவிக்கொண்டு வந்தார். அடுப்படிப் பரணில் தூசு பிடித்துக் கிடந்த இரண்டு சருவச்சட்டி, கால் உடைந்த ஒரு குத்துவிளக்கு, அந்தப் பேணி எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கொடுத்தேன். மற்றவற்றை அவர் பார்க்காமலே தராசில் போட்டார். பேணியை மட்டும் கையில் எடுத்து, ஒருக்கால் திருப்பி, மூக்குக்குள் விரலை விட்டுப் பார்த்து, "வடிவான சாமான் அக்கா" என்றார். பிறகு அதையும் தராசில் போட்டார்.

காசை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. சின்ன வயது முழுக்க அந்தப் பேணியில் தண்ணீர் குடித்த நான் அதன் மூக்குக்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் அழகு என்ற சொல் குறைவு. வடிவு என்போம். வடிவான பிள்ளை, வடிவான சீலை. அதே சொல்லை வேறொரு வேலைக்கும் வைத்திருக்கிறோம்: வடிவாக் கழுவு, வடிவாச் சாப்பிடு, வடிவாப் பார். அங்கே அழகு என்ற பொருளே இல்லை. அரைகுறையாக விடாமல், முழுதாக என்று பொருள். எழுத்துத் தமிழுக்குப் போனால் வடிவு என்பது உருவம். மூன்று பொருளும் ஒரே சொல்லில் இருப்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்த மூன்றையும் மறுபடி ஒன்றாகக் கட்டும் வேலைதான்.

தொடங்க முன்

செலவு ஒன்றும் இல்லை. ஒரு வெற்று நெருப்புப்பெட்டி, கறுப்பு நன்றாக இறங்கும் மெதுவான பென்சில், கோடு போடாத கொப்பி, நாலைந்து மெல்லிய தாள், ஒரு ரோச், ஒரு வெள்ளை வேட்டி. போனில் கமரா இருக்கும்தானே, இருக்கட்டும். ஆனால் முதல் இரண்டு கிழமைக்கு அதைத் தொடாதீர்கள். படம் எடுத்தவுடன் "பார்த்தாயிற்று" என்று மனம் கடையைப் பூட்டிவிடும்.

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்குகிறேன். இந்தப் படிகள் அங்கே செய்து பார்த்தவை. சரிவராதவற்றை விட்டுவிட்டேன்.

முதலாம் படி: பாசம் இல்லாத ஒரு சாமானை எடுங்கள்

"எதைப் பார்க்கிறது?" என்று கேட்டால் அநேகமானோர் கண்ணாடி அலுமாரியைத் திறப்பார்கள். அங்கே இருக்கும் பளிங்கு யானை வேண்டாம். அது வடிவென்று சொல்லியே விற்கப்பட்ட சாமான். உங்களுக்கு அதில் வேலை இல்லை.

கிழமைக்கு ஒருமுறையாவது கைபடுகிற சாமானாக இருக்க வேண்டும். யாரும் பரிசாகத் தந்ததாக இருக்கக்கூடாது. முக்கியமாக, அதன்மேல் பாசம் இருக்கக்கூடாது. பாசம் இருந்தால் நீங்கள் பார்ப்பது செத்துப்போன ஆளின் முகத்தை, சாமானை அல்ல. அதனால் அம்மம்மாவின் பேணி முதல் பாடத்துக்கு உதவாது. தும்புத்தடி உதவும். திருவலை, சுளகு, இடியப்ப உரல், கிணற்று வாளி, கொக்கத்தடி, சைக்கிள் மணி, மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி, எதுவும் சரி. ஒன்றே ஒன்று. ஒரு கிழமைக்கு அதுதான்.

இரண்டாம் படி: அதை வேலையிலிருந்து நிற்பாட்டுங்கள்

சாமான் அதன் இடத்தில் இருக்கும்வரை கண் அதன் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் போகும். அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்குவது நீத்துப்பெட்டி, புட்டு அவிக்கிற கூம்பு ஓலைப்பெட்டி; நீத்துப்பெட்டி என்றால் புட்டு, அவ்வளவுதான். அதைக் கழற்றி, வெளியே கொண்டுவந்து, வேட்டியை விரித்து, கூரான பக்கம் மேலே வரும்படி கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடம் எதிரே இருங்கள்.

நான் செய்தபோது முதல் மூன்று நிமிடம் எரிச்சல்தான் வந்தது. நாலாவது நிமிடம் அளவில் நிறம் தெரியத் தொடங்கியது. வாய்ப்பக்கம் காய்ந்த வைக்கோல் நிறம். கூருக்குப் போகப் போகச் சாயத் தேத்தண்ணி நிறம். இரண்டுக்கும் இடையில் ஒரு வளையம், ஆரோ நூல் பிடித்துக் கீறினது போல. அது பானையின் வாய் பிடித்த இடம். வளையத்துக்குக் கூர்ப்பக்கம் இருந்த ஓலை வருடக்கணக்காக நீராவியில் நின்றது. வாய்ப்பக்கம் இருந்தது நிற்கவில்லை. பிறகு கூர்: எல்லா ஓலைக் கீற்றும் வந்து ஒன்றின்மேல் ஒன்று மடியும் அந்தப் புள்ளியில், நீராவி ஏறுவதற்கு எத்தனை இடுக்கு வேண்டுமோ அத்தனை, மா ஒழுகாமல் இருக்க எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அவ்வளவு. நாப்பது வருடம் புட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றுக்குள் வைத்துப் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். புனலின் உட்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி விட, மிளகாயின் மடிப்புகள் முறுகி நிற்கும் உடம்பு போலத் தெரியும். மிளகாய் அதே மிளகாய்தான். அது சாப்பாட்டுக்குப் போக முன் கொஞ்ச நேரம் நிற்பாட்டி வைத்தது மட்டுமே அவர் செய்தது. இதற்கு முன்னால், 1917இல், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் கடையில் வாங்கிய ஒரு சிறுநீர்த் தொட்டியைக் கிடத்தி, பொய்க் கையெழுத்துப் போட்டு, நியூயோர்க் கண்காட்சி ஒன்றுக்குக் கொடுத்து விட்டார். அவர்கள் வைக்க மறுத்துவிட்டார்கள். கலை வரலாற்றில் அது பெரிய சங்கதி. ஆனால் எங்கள் வேலைக்கு டுஷாம்ப் உதவமாட்டார் என்பது என் எண்ணம். அவர் சபையைச் சீண்டினார், வெஸ்டன் பார்த்தார்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்

யாழ்ப்பாணத்து நடுப்பகல் வெயில் எதையும் காட்டாது. நாங்கள் இருப்பது கிட்டத்தட்ட வடக்கு அகலாங்கு 9.7 பாகையில். அதனால் சித்திரை வருடப்பிறப்பையொட்டி ஒருமுறையும் ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நாட்களில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வெயில் தண்ணீர்வரை நேரே இறங்கியிருக்கும். தூணின் நிழல் தூணின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். கிணற்றைப் பார்க்க நல்ல நேரம். மற்றச் சாமான்களுக்கு நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் இல்லை.

விடிய எட்டு மணிக்கு முன், பின்னேரம் ஐந்துக்குப் பின். அந்த நேரம் வெயில் படுத்துக்கொண்டு வரும்போது சுளகை முற்றத்தில் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பின்னலும் தனக்கென்று ஒரு நிழலை வைத்திருக்கும்.

வெயிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் இரவில் ரோச் போதும். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழசான அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்து, லைற்றை நூத்துவிட்டு, ரோச்சை அதன் அடிப்பக்கத்துக்குப் பிடியுங்கள். வெளிச்சப் பொட்டைச் சுற்றி மயிரளவு வட்டங்கள், சிலந்திவலை மாதிரி. இப்போது ரோச்சை மெல்ல நகர்த்துங்கள். வலையும் கூடவே நகரும்! சட்டியில் வட்டக் கீறல் ஒன்றும் கிடையாது; கீறல்கள் கண்டபாட்டுக்கு எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. அவற்றில் வெளிச்சப் பொட்டைச் சுற்றிக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி விடும், மற்றவை இருட்டில் நிற்கும். அதனால்தான் எங்கே பிடித்தாலும் அங்கே ஒரு வட்டம் பிறக்கிறது. வகுப்பில் இதைக் காட்டிய அன்று பிள்ளைகள் நிலையத்தில் இருந்த எல்லாச் சட்டியையும் எடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு வைத்திருந்த புதுச் சட்டியில் ஒன்றும் தெரியவில்லை. "இது இன்னும் தேயேல்ல மிஸ்" என்று ஒருத்தி அதை ஒதுக்கி வைத்தாள்.

கிடுகுக் கூரையின் ஓட்டைகளாலோ மரத்தின் இலை இடுக்காலோ நிலத்தில் விழும் வெளிச்சப் பொட்டுகளையும் பாருங்கள். ஓட்டை சின்னதாக இருந்தால், எந்தக் கோணலானாலும் பொட்டு வட்டமாகவே விழும், ஏனென்றால் அது ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். 2019 டிசெம்பர் 26 காலை கங்கணச் சூரிய கிரகணம் எங்களுக்கு மேலால் போனபோது, மேகம் விலகிய நேரங்களில், எங்கள் வேப்பமரத்துக்குக் கீழே கிடந்த பொட்டுகள் எல்லாம் வளையமாகிவிட்டன. முற்றம் நிறைய வளையல் கொட்டினது போல. எல்லாரும் மேலே பார்க்கக் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் படி: தேய்த்து எடுங்கள்

ஒரு ரூபாய்க் குற்றியைக் கொப்பித் தாளுக்குக் கீழே வைத்துப் பென்சிலால் தேய்க்காத பிள்ளை இல்லை. அதையே மற்றச் சாமான்களுக்கும் செய்வதுதான் இந்தப் படி. மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ஓவியர் 1925இல் கடலோர விடுதி ஒன்றின் பலகைத் தரையில் தாளை வைத்துத் தேய்த்து, அதில் வந்த மரவரிகளைக் காடாகவும் பறவையாகவும் வளர்த்தெடுத்தார்.

மெல்லிய தாள், பென்சிலைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஒரே திசையில் தேய்க்க வேண்டும், அழுத்தக்கூடாது. பனையோலைப் பாய், இடியப்பத் தட்டு, அம்மியின் பொளிந்த முகம், ரயரின் பூ, செருப்பின் அடி. செருப்பின் அடியை அவசியம் செய்யுங்கள்: எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் நடக்கும் விதமே தாளில் வந்துவிடும்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெரிய விருந்து உண்டு. அங்கே வேலியே முருகைக்கல். சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கிய வேலி. ஒவ்வொரு கல்லும் ஒரு காலத்தில் உயிரோடிருந்த பவளம் என்பதால் சிலதில் நட்சத்திரக் குழிகள், சிலதில் மூளை மாதிரி வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்கள். வேலியிலிருந்து கல்லை உருவாதீர்கள், ஒன்றை உருவினால் நாலு விழும். நிற்கிற இடத்திலேயே தாளை வைத்துத் தேய்க்கலாம், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் அதே கல்தான். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அங்கே பென்சிலை எடுக்கவே வேண்டாம், கண் போதும்.

ஐந்தாம் படி: கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்

1958இல் இந்திய அரசின் அழைப்பில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். பிறகு ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான். அந்த அறிக்கையில், தாங்கள் கண்டு வியந்த சாமான்களில் மிகச் சிறந்தது, மிக அழகானது என்று எதையாவது சொல்வதென்றால் அது செம்பாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். கோயிலும் இல்லை, சிலையும் இல்லை. கிணற்றடியில் கிடக்கிற செம்பு.

அதைவிட எனக்குப் பிடித்தது, செம்பைப் பற்றி அவர்கள் அடுக்கிய கேள்விகள். அவற்றை எங்கள் பாட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். உங்கள் சாமானைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வெறுமையாக இருக்கும்போது பாரம் எங்கே நிற்கிறது, நிறைந்த பிறகு எங்கே? இடுப்பில் வைக்கவா, தலையில் வைக்கவா, கையில் தூக்கவா செய்தது? யாருடைய கைக்கு, பெரிய ஆளுக்கா பிள்ளைக்கா? சரிக்கும்போது தண்ணீர் எப்படி வருகிறது, திரண்டு வருகிறதா சிந்துகிறதா? சூடு கைக்கு ஏறுமா? உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எப்படி இருக்கிறது? கல்லில் வைக்கும்போது என்ன சத்தம், வெறுமையாக ஒன்று, நிறைந்து ஒன்று?

கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஒருநாள் வகுப்பு முழுக்கத் தட்டல்தான். யாழ்ப்பாணத்தில் சத்தத்துக்கென்றே செய்த சாமான் ஒன்று உண்டு, பட்டத்தின் விண். தைப்பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனால் கேட்கலாம்: வில்லில் இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர்ந்து கூவும் கூவல். நாரின் அகலத்தை மயிரிழை மாற்றினால் குரல் மாறும். அதைச் சரிக்கட்டுகிற பெடியனைப் பாருங்கள், வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

சரி, மூக்குப்பேணிக்கு வருவோம். இப்போது என்னிடம் இருப்பது சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் காசு கொடுத்து வாங்கியது. விற்ற விலையைவிடப் பல மடங்கு, அந்தக் கணக்கைக் கேட்க வேண்டாம். கண்ணை மூடிப் பிடித்தால் நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மறுபக்கம், மூக்கு தானாகவே வாய்க்கு நேரே வந்து நிற்கிறது. அண்ணாந்து ஊற்றினால் தண்ணீர் பென்சில் பருமனில் ஒரே நூலாக இறங்குகிறது. உதடு படாது. உதடு படாததற்காகவே செய்த மூக்கு அது.

அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எச்சில் படாமல் குடிப்பது சுத்தம்தான். ஆனால் இதே ஊரில், பேணி எல்லாருக்கும் நீட்டப்படவில்லை. சிலருக்குச் சிரட்டையிலும் மடித்த ஓலைப் பிளாவிலும் முற்றத்தில் வைத்துத்தான் தண்ணீர் வார்த்தார்கள். தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் காலடி வைக்க 1960களில்கூடச் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் போராட வேண்டியிருந்தது. சாமானை வடிவாய்ப் பார்ப்பது என்றால் இதையும் பார்ப்பதுதான். ஈம்ஸ் தம்பதியின் பட்டியலோடு நான் ஒரு கேள்வி கூட்டி வைத்திருக்கிறேன்: இது யாருக்குக் கொடுக்கப்படவில்லை? அதற்குப் பிறகும் பேணியின் வளைவு வடிவாகவே இருக்கிறது, அது வேறு விசயம். பனையோலைப் பிளாவை ஒருமுறை மடித்துப் பாருங்கள், அதுவும் குறைந்த வடிவில்லை.

ஆறாம் படி: செய்த கையையும் தைத்த கையையும் தேடுங்கள்

இனி சாமானுக்குள் இருக்கும் ஆளைத் தேட வேண்டும். இயந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக் வாளியிலும் ஒரு பொருத்துக்கோடு ஓடும், அச்சின் இரண்டு பாதியும் சந்தித்த இடம். கையால் செய்தது என்றால் இன்னும் வசதி.

ஒரு பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடி சதுரம், வாய் வட்டம். சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று விரலால் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அடியில் நாலு மூலை தெளிவாக இருக்கிறது, ஒரு சாண் மேலே வர மூலை இல்லை. எங்கள் வீட்டுக் கடகத்தில் ஓலைக் கீற்றுகள் சாய்வாகவே ஏறுகின்றன. ஒரே கீற்றை விரலால் பிடித்துக்கொண்டு போனால் அது ஒரு பக்கத்தில் தொடங்கி, மூலையைச் சுற்றி, அடுத்த பக்கத்தில் மற்றதுக்குக் கீழே போய் மறைந்து, திரும்ப வரும். ஓலை இரண்டு பட்டு. வாயில் ஈர்க்கும் நாரும் வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறது, ஏனென்றால் பாரம் தூக்கும்போது முதலில் பிய்வது வாய்தான்.

சந்தைக்கு வெளியே கடகமும் பெட்டியும் வைத்திருந்த ஆச்சி ஒருவரிடம், "ஆச்சி, இதை எங்கயிருந்து தொடங்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"நடுவில பிள்ளை. பெட்டிக்குத் தொடக்கம் நடுவிலதான். முடிவு வாயில." என் கையிலிருந்த கடகத்தைத் திருப்பி, அடியின் நட்ட நடுவில் நகத்தால் குத்திக் காட்டினார். "இதில நேரா வைச்சா எல்லாம் நேரா வரும். இதில கோணினா வாய் வரைக்கும் கோணல்தான்."

வீட்டுக்கு வந்து எங்கள் கடகத்தின் நடுவைப் பார்த்தேன். கொஞ்சம் கோணல். வாயைப் பார்த்தேன். ஆச்சி சொன்னது சரி.

செய்த கைக்குப் பிறகு தைத்த கை. ஓட்டையான சுளகில் ஓடும் நீல நைலோன் நூல், வாளிக் கைபிடியில் சுற்றிய சைக்கிள் ரியூப் வார், சட்டிக்கு வேறு மூடியின் குமிழ். இந்த ஊரில் இவற்றுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1990இல் மறுபடி போர் மூண்ட பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி என்று ஒவ்வொன்றும் தடைப்பட்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி போட்டால் விளக்கு; போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும், செய்தி முடியும்வரை. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம்.

பிக்காசோவும் சைக்கிளைப் பிரித்தவர்தான். 1942இல், பாரிஸ் ஜெர்மனியரின் பிடியில் இருந்தபோது, ஒரு பழைய சீற்றையும் ஹாண்டிலையும் பொருத்தி ஒரு காளையின் தலையைச் செய்தார். சீற் முகம், ஹாண்டில் கொம்பு. இரண்டே துண்டு. ஒருமுறை கண்டால் பிறகு எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் காளை எட்டிப் பார்க்கும். அவர் அதில் காளையைக் கண்டார், எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணா ரேடியோவைக் கண்டார்.

ஆனால் ஒன்று. இல்லாமையில் பிறந்த வடிவு என்று அந்தக் காலத்தை மெச்சிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, விடிய எழும்பி மூக்கைச் சிந்தினால் கரி வந்த ஆள் நான். அந்தப் போத்தலைச் செய்தவரின் மூளையை மெச்சலாம். செய்ய வைத்த காலத்தை மெச்ச முடியாது.

இந்தப் படிக்குப் பயிற்சி: வீட்டில் திருத்திய சாமான் மூன்றைக் கண்டுபிடித்து, யார் திருத்தினார், எதைக்கொண்டு, ஏன் புதிதாக வாங்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள். வயதான ஆள் இருக்கும் வீடென்றால் மூன்றோடு நிற்காது.

ஏழாம் படி: நெருப்புப்பெட்டியோடு ஒழுங்கைக்கு இறங்குங்கள்

குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்தட்டின் அடியை வெட்டி எடுத்தால் ஒரு சின்னச் சட்டம். அதைக் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு நடங்கள். ஆட்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. சட்டம் செய்யும் வேலை, வேண்டாததை வெட்டி விடுவது. தகரப் படலை முழுதாகப் பார்த்தால் பழைய படலை. சட்டத்துக்குள் பார்த்தால் கறளின் செம்மஞ்சள், பச்சைப் பெயின்றின் மிச்சம், யாரோ அடித்த எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தில் பாதி எழுத்து.

வேலிகளை விடாதீர்கள், அவை குறைந்துகொண்டு வருகின்றன. கிடுகு வேலி, பனைமட்டை வேலி, கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்ட வேலி. மழை பெய்து ஒரு கிழமையில் செத்த தடி என்று நினைத்த கதியாலில் தளிர் வந்திருக்கும். மட்டைகளின் கருக்குப் பற்கள் வரிசையாக நிற்பதைக் கிட்டப் பாருங்கள். சந்தைக்குள் போனால் கீரைக்கட்டு, வாழைநார் முடிச்சு, பனங்கட்டிக் குட்டான். தெருவில் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் நின்றால் அதன் மூக்கு வளைவில் உங்கள் ஒழுங்கை முழுக்க வளைந்து தெரியும்.

எச்சரிக்கை இரண்டு. ஆளின் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் அநேகமாகத் தேத்தண்ணியும் கிடைக்கும். முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள், வேலிக்கம்பி எவ்வளவு வடிவாகச் சுருண்டிருந்தாலும்.

எட்டாம் படி: கொப்பியில் இறக்குங்கள், பிறகு திருப்பி வேலைக்கு விடுங்கள்

சித்திரம் வராது என்பவர்களுக்குத்தான் இந்த முறை. சாமானை எதிரே வைத்து, பென்சிலைத் தாளில் ஊன்றி, கண்ணைச் சாமானின் ஓரத்தில் வைத்துக்கொண்டு எறும்பு ஊருகிற வேகத்தில் நகருங்கள். தாளைப் பார்க்கக்கூடாது. வருவது சாமான் மாதிரி இருக்காது. கோடு தடுக்கி விழுந்து எழும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்தச் சாமானின் ஒவ்வொரு நெளிவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே திகதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்: எங்கே இருந்தது, என்ன கண்டேன், யார் என்ன சொன்னார். "அருமை", "அற்புதம்" என்ற சொற்களுக்குத் தடை.

முடிந்ததும் சாமானை ஆணியிலேயே திருப்பிக் கொழுவிவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கடுமை. யனாகி சோயெற்சு என்ற யப்பானியர், பெயர் தெரியாத கைவினைஞர் செய்த கிண்ணமும் சாடியும்தான் உயர்ந்த கலை என்று வாழ்நாள் முழுக்க வாதாடி, அவற்றுக்கென்றே 1936இல் தோக்கியோவில் ஒரு நூதனசாலை திறந்தார். பெரிய மனிதர், பெரிய வேலை. ஆனால் கண்ணாடிக்குள் போன கிண்ணத்தில் இனி யாரும் சோறு போடப்போவதில்லை. நூதனசாலைக்கு அது சரி. வீட்டுக்குச் சரியில்லை. விருந்தினர் விடுதிகளில் நீத்துப்பெட்டிக்கு வார்னிஷ் அடித்து மின்குமிழுக்கு உறையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வார்னிஷ் அடித்த ஓலையில் இனிப் புட்டு அவிக்க முடியாது. அந்தப் பானை வாய் வளையமும் அதற்கு மேல் வளராது.

வேண்டுமென்றால் வீட்டில் ஒரே ஒரு இடத்தை, ஒரு யன்னல் விளிம்போ அலுமாரித் தட்டோ, வெறுமையாக்கி வையுங்கள். கிழமைக்கு ஒரு சாமான் அங்கே விருந்தாளியாக வந்து இருந்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பட்டும்.

சனசமூக நிலையத்தில் எங்களுக்கு அப்படி ஒரு தட்டு இருக்கிறது. போன சனிக்கிழமை ஒன்பது வயதுப் பெடியன் ஒருவன் கொப்பித் தாளில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால் சவர்க்காரம். தேய்ந்து இலை போலான மஞ்சள் சன்லைற் துண்டின்மேல் அதைவிட மெல்லிய சிவப்பு லைஃப்போய்த் துண்டை ஈரத்தில் அழுத்தி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் இரண்டும் கலந்து ஒரு செம்மஞ்சள் கரை. நடுவில் பெருவிரல் பதிந்த பள்ளம், ரேகை உட்பட. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய இடம் தேன் மாதிரி ஒளி விட்டது. தட்டில் வைத்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

"மிஸ், கெதியாக் கீறச் சொல்லுங்கோ," என்றான் அவன். "அம்மா பின்னேரம் உடுப்புத் தோய்க்கத் தேடுவா."